பிரதி எதுவரை எழுதப்பட்டிருக்கிறது?

"கணக்குக்கு இன்னொரு பிரதி இருக்கிறது, ஆகவே பயமில்லை" என்று கூறும் காரியதரிசிகளைத் தணிக்கையின்போது நான் சந்தித்ததுண்டு. அப்பிரதி எந்தத் தேதிவரை எழுதப்பட்டிருக்கிறது என்று வினவினால் பெரும்பாலும் மௌனமே விடையாகும். 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022-இல் ஒப்புதல் அளித்தது. பேரேடு கணினிக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில் அவ்வினா முன்னிலும் அவசியமாகிறது.

பெரிய கணக்குகளுக்கு முதன்மைக் கணினி ஒன்றும், அது பழுதுற்றால் பொறுப்பேற்கத் துணைக் கணினி ஒன்றும் வைப்பது வழக்கம். போஸ்ட்கிரெஸ் என்னும் மென்பொருளில், முதன்மைக் கணினி மாற்றங்களை முதலில் நாள்வழி போன்ற ஒரு குறிப்பில் எழுதுகிறது. துணைக் கணினி அதைப் பெற்றுத் தன் பேரேட்டில் ஏற்றிக்கொள்கிறது. எதுவரை அனுப்பப்பட்டது, எதுவரை பேரேட்டில் ஏறியது என்பவற்றை முதன்மைக் கணினியிலுள்ள ஓர் அட்டவணை காட்டும். இவ்விரண்டின் இடைவெளி பெருகுமாயின் துணை பின்தங்குகிறது என்று பொருள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தொடர்பு அறுந்தால் துணைக் கணினிக்குரிய வரியே அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். இடைவெளியை மட்டும் நோக்குபவருக்குக் குறை ஏதும் தென்படாது. ஆதலால் வரி இருக்கிறதா என்பதையே முதலில் பார்த்தல் வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். துணைக் கணினி மிகவும் பின்தங்கியது. அதற்குத் தேவையான குறிப்புகளை முதன்மைக் கணினி அதற்குள் கழித்துவிட்டிருந்தது. துணையைப் புதிதாக அமைக்க முயன்ற பொறியாளர், தவறுதலாக முதன்மைக் கணினியின் தரவையே அழித்துவிட்டார். சுமார் 300 கிகாபைட்டில் 4.5 மட்டுமே எஞ்சியது. அன்றாடக் காப்புப் பிரதியோ, மென்பொருள் பதிப்பு பொருந்தாமையால் எடுக்கப்படாமலே இருந்தது. அத்தோல்வியை அறிவித்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பின. ஆறு மணி நேரத்திற்கு முன் தற்செயலாக எடுத்திருந்த ஒரு பிரதியே காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் மீளவில்லை.

அங்கே பிரதிக்கான ஏற்பாடுகள் பல இருந்தன. அவற்றைச் சரிபார்த்த கண்தான் இல்லை.

அங்கத்தினர்களே! அடுத்த கூட்டத்தில் மூன்று வினாக்களை எழுப்புங்கள். நம் பிரதி எதுவரை எழுதப்பட்டிருக்கிறது? அது நின்றால் யாருக்குத் தெரியவரும்? அதிலிருந்து கணக்கை மீட்டுக் கடைசியாகப் பார்த்தது எப்போது? தேதியுடன் விடை வந்தால் நிம்மதி கொள்ளலாம். "இருக்கிறது" என்ற சொல் மட்டுமே வந்தால், பிரதி இல்லையென்றே கொண்டு மறுநாளே வேலையைத் தொடங்குங்கள்.