நட்ட கன்று ஏன் நிற்பதில்லை?

முழங்கால் வரை சேறு, கையில் ஒரு பச்சைக் குச்சி, முகத்தில் சிரிப்பு. ஆற்று முகத்துவாரத்தில் கண்டல் கன்று நடும் இந்தப் படம் பினாங்கில் யாருக்கும் புதிதல்ல. பள்ளி மாணவர்கள், தொழிற்சாலை ஊழியர்கள், அரசு இலாகாக்கள் என்று எல்லோரும் நட்டிருக்கிறார்கள். ஓராண்டு கழித்து அதே இடத்தில் எத்தனை கன்று நிற்கிறது என்று காட்டும் படம்தான் அபூர்வம். நடுவது ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். நட்டது நிற்குமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் அந்தக் காலைக்கு முன்னும் பின்னும் இருக்கின்றன.

ஜார்ஜ் டவுனில் ஆற்றங்கரை என்றதும் நினைவுக்கு வருவது சிமெண்ட் சுவர். ஆயர் ஈத்தாம் ஆறும், தண்ணீர்மலைப் பக்கமிருந்து வரும் ஆயர் தெர்ஜுன் ஆறும் சேர்ந்து சுங்கை பினாங்காகிக் கடலுக்குப் போகும் வழியில் கரைக்கென்று மிஞ்சிய இடம் குறைவு. கரையை மீட்கும் களப்பணியைப் பார்க்க வேண்டுமானால் பாலம் கடந்து தென் செபராங் பிறைக்குப் போக வேண்டும். அங்கே நிபோங் திபால் என்ற ஊர்ப்பெயரிலேயே ஒரு பழைய காட்டின் தடயம் உண்டு. நிபோங் என்பது கண்டல் காட்டின் பின்பக்கத்தில், நிலம் சற்று உயரும் இடத்தில் வளரும் பனை. திபால் என்றால் அடர்த்தி.

அந்தப் பகுதியின் சுங்கை செனாமை மையமாகக் கொண்டு இயங்குவது பிஃப்வா எனப்படும் பினாங்கு கடலோர மீனவர் நலச் சங்கம். இறால் குளங்களுக்காகவும் மற்றத் தேவைகளுக்காகவும் கண்டல் காடுகள் வெட்டப்பட்டபோது, வலையில் விழும் மீன் குறைவதை முதலில் கண்டவர்கள் கரையோர மீனவர்கள்தாம். இறால் குஞ்சும் நண்டும் பல மீன்களின் குஞ்சுகளும் வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்கின்றன. வேர் போனால் நாற்றங்கால் போன மாதிரி. 1997இல் அவர்கள் தாங்களே கன்று நடத் தொடங்கினார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் மற்றவர்களின் கவனம் இந்தக் காடுகள் பக்கம் திரும்பியது. 2005இல் மத்திய அரசும் கடலோர மரம் நடும் திட்டத்தைத் தொடங்கியது. மீனவர்கள் அதற்கு எட்டு ஆண்டு முன்பே சேற்றில் இறங்கியிருந்தார்கள்.

வேலை தொடங்குவது நீர்மட்ட அட்டவணையில். எந்த நாளில், எத்தனை மணிக்குத் தண்ணீர் வடியும் என்று பார்த்துத்தான் ஆட்களைக் கூப்பிட முடியும். வடிந்த நீர் மீண்டும் ஏறுவதற்குள் கிடைக்கும் சில மணி நேரமே வேலை நேரம். அதற்கும் முன்பு விதை சேகரிக்க வேண்டும். நாம் பாக்காவ் என்று சொல்லும் மரத்தின் விதை மற்ற விதைகளைப் போல மண்ணில் விழுந்து முளைப்பதில்லை. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, நீண்ட பச்சைக் குச்சியாக வளர்ந்து, பிறகு விழுகிறது. குச்சியும் காயும் சேரும் கழுத்தில் வளையம் தெரிந்தால் அது முற்றிவிட்டது. பாக்காவ் குராப் மரத்தில் அந்த வளையம் மஞ்சளாக இருக்கும், பாக்காவ் மின்யாக்கில் சிவப்பாக இருக்கும். லேசாகத் திருகினால் கையோடு வந்துவிட வேண்டும், இழுத்துப் பறிக்கக் கூடாது. வண்டு துளைத்ததை ஒதுக்கிவிட்டு, மொட்டு உள்ள நுனி மேலே இருக்கும்படி குச்சியின் அடியைச் சேற்றில் செருகுவார்கள். முதல் முறை வருகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செருகுவதும் உண்டு. பேராக் மாநிலத்து மாத்தாங் காட்டில் மின்யாக் வகைக்கு 1.2 மீட்டரும் குராப் வகைக்கு 1.8 மீட்டரும் இடைவெளி விடுவது வழக்கம். 1902 முதல் திட்டமிட்டு வெட்டி, மீண்டும் வளர்க்கப்படும் காடு அது. கோல செப்பெத்தாங்கின் கரிச் சூளைகளுக்கு மரம் வருவதும் அங்கிருந்துதான்.

இதுவரை சொன்னதை ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கடினமானது எங்கே நடுவது என்ற கேள்வி. மலாயாவில் வன அதிகாரியாக இருந்த ஜே. ஜி. வாட்சன் 1928இலேயே அதற்குப் பதில் எழுதி வைத்தார். மேற்குக் கரையில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு முறை நீர் ஏறும். மாதத்துக்குச் சுமார் அறுபது முறை. ஓர் இடம் அதில் எத்தனை முறை மூழ்குகிறது என்று எண்ணி, அவர் கண்டல் நிலத்தை ஐந்து வகுப்பாகப் பிரித்தார். முதல் வகுப்பு ஒவ்வொரு ஏற்றத்திலும் மூழ்கும். மூன்றாவது வகுப்பு மாதத்துக்கு 20 முதல் 45 முறை வரை மூழ்கும். ஐந்தாவது வகுப்புக்கு மாதம் இரண்டு முறைகூடத் தண்ணீர் எட்டாது. ஒவ்வொரு வகுப்புக்கும் உரிய மரம் வேறு. கடல் பக்கம் முதலில் நிற்பவை அப்பி-அப்பியும் பெரெப்பாட்டும். அவற்றுக்குப் பின்னால் பாக்காவ், இன்னும் பின்னால் நீப்பா, கடைசியில் நிபோங். முதல் வகுப்பில் பாக்காவ் குராப்பைத் தவிர எதுவும் சுலபமாகத் தாக்குப்பிடிப்பதில்லை. அதுவும் ஓரமாகத்தான். கண்டல் மரம் உப்பைத் தாங்கும், ஆனால் மூச்சுவிடாமல் இருக்க முடியாது. வேர்கள் சேற்றுக்கு வெளியே காற்றைப் பிடிக்க வேண்டும். எப்போதும் மூழ்கிக் கிடக்கும் இளங்கன்றுக்கு அந்த வாய்ப்பே இல்லை.

பெரும்பாலான தோல்விக்கும் இதுதான் காரணம். வெட்டப்பட்ட காட்டு நிலத்தில் இன்று இறால் குளமோ வீடோ இருக்கும், அதற்கு உரிமையாளர் இருப்பார். கடலை ஒட்டிய வெறும் சேற்றுப்பரப்புக்கு யாரும் உரிமை கேட்பதில்லை. ஆகவே கன்றுகள் அங்கே போய்ச் சேருகின்றன. பிலிப்பைன்ஸில் பல ஆண்டுகள் பெருஞ்செலவில் நடந்த நடவுகளை 2008இல் ஆராய்ந்தபோது, நீண்டகாலம் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான் என்று தெரிந்தது. எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பாக்காவ் வகையை அதற்குப் பொருந்தாத சேற்றிலும் கடற்புல் திட்டுகளிலும் நட்டிருந்தார்கள். இலங்கையில் சுனாமிக்குப் பிந்திய நடவுகள் உட்பட 23 இடங்களைச் சோதித்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. அவற்றில் ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் மூன்றுதான்.

அந்தச் சேற்றுப்பரப்பு வெறுமையானதும் அல்ல. நாம் விரும்பிச் சாப்பிடும் கெராங் சிப்பி வளர்வது அங்கேதான். வடக்கிலிருந்து வரும் கரைப்பறவைகள் இரை பொறுக்குவதும் அங்கேதான். அங்கே காடு வளர்த்தால் ஒரு வாழிடத்தை அழித்து இன்னொன்றை உண்டாக்கியதாகும். பெரும்பாலும் அதுவும் நடப்பதில்லை.

தண்ணீரைச் சரிசெய்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் பிச்சாவரம் நல்ல உதாரணம். அங்கே ஆங்கிலேயர் காலம் முதல் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழலில்லாத மண் காய்ந்து, அமிழ்ந்து, நடுவில் தட்டு போலக் குழிந்தது. ஏறிவந்த கடல்நீர் அந்தக் குழியில் தங்கி ஆவியாக, உப்பு மட்டும் சேர்ந்துகொண்டே போனது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டும் பயனிருந்திருக்காது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து முதலில் வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் கிளைகள். மீன் முள் வடிவம். நீர் ஏறும்போது உள்ளே போய், இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தது. கன்று நட்டது அதற்குப் பிறகுதான், அதுவும் வாய்க்கால் சரிவை ஒட்டி. நம் ஊரில் கைவிடப்பட்ட இறால் குளங்களுக்கும் இதே கணக்குதான் பொருந்தும். வரப்பை உடைத்து நீர் போய்வர வழி செய்துவிட்டால், அருகில் தாய்மரங்கள் இருக்கும்வரை பாதி வேலையை மிதந்து வரும் விதைகளே செய்துவிடும்.

சரியான இடத்தில் நட்ட கன்றுக்கும் எதிரிகள் உண்டு. குரங்கு பிடுங்கிப் போட்டு விளையாடும். நண்டு தண்டைக் கடிக்கும். ஒட்டுச்சிப்பிகள் தண்டை மூடி, எடையால் சாய்க்கும். வெட்டவெளி கிடைத்தால் பியாய் என்னும் சதுப்புப் பெரணி மளமளவென்று படர்ந்து வெளிச்சத்தை அடைத்துவிடும். நீர் ஏறும்போதெல்லாம் நெகிழிப் பைகளும் அறுந்த வலைத்துண்டுகளும் வந்து சிக்கும். அது நகரத்து வாய்க்கால்கள் அனுப்பும் சரக்கு. ஆகவே களப்பணிக் குழு திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது. பெரணியை வெட்டி, குப்பையை அவிழ்த்து, செத்த இடத்தில் மறுகன்று வைக்க வேண்டும். இந்த வேலைக்கு நன்கொடையாளர் கிடைப்பது கடினம், பேனர் கட்டவும் முடியாது. பக்கத்திலேயே வாழும் மீனவர்கள் இதில் சிறப்பதற்குக் காரணம் எளிது. அவர்கள் படகு தினமும் அந்த வழியாகத்தான் போகிறது.

முகத்துவாரத்திலிருந்து ஆற்றில் மேலே போனால் உப்பு குறையும், மரமும் மாறும். பினாங்குக்கும் பேராக்குக்கும் எல்லையாக ஓடும் கிரியான் ஆற்றங்கரையில் பெரெம்பாங் மரங்கள் நிற்கின்றன. இரவில் அவற்றில் கூட்டமாக மினுக்கும் கெலிப்-கெலிப் மின்மினிகளைப் பார்க்க மக்கள் படகில் போகிறார்கள். கரையோரம் ஒரு வரிசை பெரெம்பாங் நட்டால் போதும் என்று தோன்றலாம். ஆனால் மரத்தில் ஒளிர்வது வளர்ந்த பூச்சி மட்டுமே. அதன் புழு மரத்துக்குப் பின்னால், நீப்பாவும் புதரும் மூடிய ஈரத்தரையில் நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வாழ்கிறது. அந்தப் பட்டையைச் சுத்தம் செய்து செம்பனை வைத்துவிட்டால், மரம் நின்றாலும் ஒளி அணைந்துவிடும். நீர்ப்பாசன வடிகால் இலாகாவின் வழிகாட்டி, 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு இரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்கச் சொல்கிறது. மின்மினிப் புழு கேட்பதும் அந்தப் பட்டையைத்தான்.

அடுத்த முறை எங்காவது ஆயிரம் கன்று நட்டதாகச் செய்தி வந்தால், மூன்று கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். முன்பு அங்கே காடு இருந்ததா? மாதத்துக்கு எத்தனை முறை அந்த இடம் மூழ்குகிறது? ஆறு மாதம் கழித்து எண்ணப்போவது யார்?