கங்காணியின் கணக்குப் புத்தகம்

வீடு கட்டும் இடத்தில் கொத்தனாருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "அதை நேராக வை, இதைச் சரியாகப் பூசு" என்று அதிகாரம் செய்பவரைக் கண்டால், "என்ன, கங்காணி உத்தியோகமா?" என்று நாம் கேலி செய்வது வழக்கம். மேற்பார்வை செய்பவன் என்பதே அச்சொல்லுக்கு நாம் கொண்ட பொருள். ஆனால் இலங்கைத் தோட்டங்களின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், மேற்பார்வை அவனுடைய வேலையில் ஒரு பாதியே என்பது விளங்கும். மற்றொரு பாதி ஆள் சேர்ப்பது.

இக்காலத்தில் பெரிய கம்பெனிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கவென்றே தனி உத்தியோகஸ்தர்களை வைத்திருக்கின்றன. முதலாளிக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும், அந்த ஆள் எங்கே கிடைப்பான், என்ன சொன்னால் வருவான், வந்தபின் எப்படி நிலைப்பான் என்பவையே அவர்களுடைய நித்தியக் கவலைகள். கணினியும் தொலைபேசியும் இல்லாத காலத்தில், இத்தனை கவலைகளையும் தலைப்பாகைக்குள் சுமந்துகொண்டு திரிந்தவன் நம் கங்காணி. அவனுடைய தொழிலைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

துரையின் சங்கடம்

1830-களில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகத் தொடங்கின. காட்டை வெட்டத் துரைமாரிடம் பணம் இருந்தது, கை இல்லை. கண்டிச் சீமையின் குடியானவர்களுக்குச் சொந்த வயல் இருந்தது. தோட்டத்துக் கூலிக்காக அதை விட்டு வர அவர்களில் பெரும்பாலோர் இசையவில்லை. கடலுக்கு இப்புறத்திலோ, திருச்சி, சேலம், தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளில், மழை பொய்த்தால் அடுப்பெரியாத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. அவர்களில் மிகப் பலர் நிலமும் இல்லாமல், தீண்டாமைக் கொடுமைக்கும் ஆளாகிக் கிடந்தவர்கள்.

ஆள் தேவைப்பட்ட இடத்துக்கும் ஆள் இருந்த இடத்துக்கும் நடுவே கடல் மட்டுமா இருந்தது? பாஷை தெரியாமை இருந்தது, அவநம்பிக்கையும் இருந்தது. வெள்ளைக்காரத் துரை நம் கிராமத்துக்குள் நுழைந்து, "என்னோடு வா" என்றால் எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்? அதையே அந்த ஊரில் பிறந்து வளர்ந்து, முறை சொல்லி அழைக்கக்கூடிய ஒருவன் வந்து சொன்னால் கேட்பாள் அல்லவா? முதலாளி விலை கொடுத்து வாங்கியது கங்காணியின் உழைப்பை மட்டுமல்ல. அவனுடைய உறவையும் சேர்த்துத்தான்.

ஊருக்கு வந்த கங்காணி

தோட்டத்துத் துரை கங்காணிக்கு முன்பணம் கொடுத்து ஊருக்கு அனுப்புவார். கங்காணி வெறுங்கையோடு வரமாட்டான். புது வேஷ்டி, கோட்டு, கையில் குடை, விரலில் மோதிரம் ஆகியவையே அவனுடைய விளம்பரப் பலகைகள். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று அவன் ஆசை காட்டியதாக மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

எனினும் வெறும் பொய்யினால் மட்டும் இத்தொழில் நடந்துவிடவில்லை. யாருக்குக் கல்யாணக் கடன் இருக்கிறது, யாருடைய மாடு செத்துப்போயிற்று, எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினைச் சண்டை என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். "மாமா, கடன்காரனுக்கு நான் பணம் தருகிறேன். அக்கரைக்கு வந்து நாலு காசு சேர்த்து அடைத்துவிடுங்கள்" என்பான். பழைய கடன் தீரும். அதே வேளையில் புதிய கடன் ஒன்று அவனுடைய கணக்குப் புத்தகத்தில் ஏறிவிடும். வழிச் செலவு, சோறு, கம்பளி ஆகியவையும் அதே பக்கத்தில் ஏறும். தோட்டத்தில் முதல் நாள் மண்வெட்டியைத் தொடுமுன்பே தொழிலாளி கடனாளி ஆகியிருப்பான்.

பஞ்ச காலங்களில் கங்காணிக்கு இந்தச் சாமர்த்தியமும் வேண்டியிருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது ஜனங்கள் தாமாகவே கூட்டம் கூட்டமாய்க் கடல் தாண்டினார்கள்.

வழிப் பயணம்

ஆரம்ப காலத்தில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, வடக்கு வழியாகக் காட்டிலே மாத்தளை வரையில் நடந்தே போக வேண்டும். வாந்திபேதியும் குளிர்காய்ச்சலும் எத்தனையோ பேரை வழியிலேயே வாரிக்கொண்டு போயின. செத்தவனுடைய கடன் சாகாது. உயிரோடு மிஞ்சிய உறவினன் கணக்கில் அது ஏறுவதும் உண்டு.

பிற்காலத்தில் ஏற்பாடுகள் சற்றுத் திருந்தின. 1904-ல் தோட்டத் துரைமார் திருச்சியில் ஆள் சேர்ப்புக்கென்றே ஒரு தலைமைக் காரியாலயத்தை அமைத்தார்கள். பயணிகளின் உடம்பில் எண் பொறித்த தகரவில்லை ஒன்று தொங்கும். அதைப் பார்த்ததுமே இன்ன தோட்டத்துக்குரிய ஆள் என்று அதிகாரிகள் அறிந்து, வழிச் செலவை அந்தத் தோட்டத்தின் பேரில் எழுதிக்கொள்வார்கள். மண்டபம் முகாமில் வைத்திய சோதனை நடக்கும். 1914 முதல் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று பயணம் இலகுவாயிற்று. மனிதனின் கழுத்தில் தபால் மூட்டைக்குப் போல் விலாசம் கட்டியதை இலகு என்று சொல்லத்தான் நமக்கு மனம் வரவில்லை.

பெரட்டுக் களம்

தோட்டத்தில் கங்காணியின் நாள் இருள் பிரியுமுன்பே தொடங்கும். தப்பு முழங்கும், லயத்துக் காம்பராக்களிலிருந்து ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்துக்கு வந்து நிற்பார்கள். எத்தனை பேர், யாருக்குக் காய்ச்சல், யார் வேலைக்கு வரவில்லை என்ற கணக்கைக் கங்காணி ஒப்புவிக்க வேண்டும். அவன் சேர்த்த ஆட்களில் அன்று எத்தனை பேர் வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை தலைக்கும் அவனுக்குக் காசு உண்டு. ஆகவே காய்ச்சல்காரனையும் எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்துவதில் அவனுக்குச் சொந்த லாபம் இருந்தது.

மாலையிலே அவன் வேறு மனிதன். புருஷன் பெண்சாதி சண்டையைத் தீர்ப்பான். கல்யாணம் பேசி முடிப்பான். மாரியம்மன் திருவிழாவுக்கு முன்னின்று வசூல் செய்வான். ஊருக்குக் கடிதம் எழுதுவிப்பான். ஆபத்தில் உதவியவனும் அவனே, உதவியை வட்டியோடு எழுதிக்கொண்டவனும் அவனே. அவனைக் கொடியவன் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான் ஆகும். அத்தனை பேர் ஏன் அவனை நம்பினார்கள் என்பது அப்போது விளங்காமற் போய்விடும்.

துண்டுக் காகிதம்

இத்தொழிலின் உச்சம் 'துண்டு' என்னும் சிறு காகிதம். "இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, இதைச் செலுத்துகிறவரிடம் இவர்களை விட்டுவிடுகிறேன்" என்று துரை எழுதிக் கொடுப்பது அது. கங்காணி அதை எடுத்துக்கொண்டு தோட்டந் தோட்டமாகப் போவான். அதிகப் பணம் தரும் துரையிடம் கூட்டம் முழுவதும் மாறும். பழைய கடன் அடைபடும். அதைவிடப் பெரிய கடன் புதிய புத்தகத்தில் ஏறும். கூடுதல் பணம் போன இடம் கங்காணியின் மடி. கடனைச் சுமந்தவர்களோ அந்தப் பணத்தைக் கண்ணாலும் கண்டதில்லை!

1921-ல் இலங்கைச் சர்க்கார் துண்டு முறையைச் சட்டத்தினால் ஒழித்தது. 1922-ல் இந்தியக் குடியேற்றச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டில் இலங்கையில் முதலாளிகளின் பணத்தைக்கொண்டே ஆள் சேர்ப்புச் செலவைச் சமாளிக்க ஒரு பொது நிதி ஏற்பட்டது. கோ. நடேசய்யர் போன்றவர்கள் துணி வியாபாரி வேஷத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து நிலைமையை அறிந்து, உலகுக்கு எடுத்துச் சொல்லித் தொழிலாளர் சங்கமும் கண்டார்கள். 1938-ல் மலேயாவுக்கும் 1939-ல் இலங்கைக்கும் கூலியாட்கள் செல்வதை இந்திய சர்க்கார் தடுத்தது. கங்காணியின் ஊர்ப் பிரயாணம் அத்துடன் முடிந்தது.

ஆனால் அவன் அழைத்துச் சென்றவர்களின் கதை முடியவில்லை. 1948-ல் இலங்கை இயற்றிய பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுடைய சந்ததியாரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-ல் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் என்று பிரிக்கப்பட்டார்கள். எஞ்சிய சுமார் 1,50,000 பேரின் கதி பின்னால் தீர்மானிக்கப்படும் என்றார்கள். தேயிலைத் தூரில் தேங்காய் தேடிப் போனவர்களின் பேரப் பிள்ளைகள், எந்த நாட்டின் ஜாபிதாவில் தங்கள் பெயர் இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று.

நாம் கேட்க வேண்டிய கேள்வி

ஆள் சேர்ப்பது பாவமான தொழில் அன்று. வேலையில்லாதவனையும் ஆளில்லாதவனையும் சேர்த்து வைப்பது உபகாரமே. அந்தச் செலவு யாருடைய கணக்கில் ஏறுகிறது என்பதில்தான் உபகாரமும் அபகாரமும் பிரிகின்றன. 1983-ல் பாரத நாடு இயற்றிய குடியேற்றச் சட்டம், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் பதிவுச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று விதித்தது. அதன் பிறகும் வளைகுடா நாடுகளுக்குப் போவதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்கள் நம் ஜில்லாக்களில் உண்டு.

ஆகவே, நம் வீட்டுப் பிள்ளையைத் தேடி ஒருவர் நல்ல வேலையோடு வந்தால், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வேறொன்றைக் கேட்போம்: "ஐயா, உங்களுக்குக் கூலி கொடுப்பவர் யார்?" முதலாளி என்று பதில் வந்தால் மேலே பேசலாம். பதில் சொல்லாமல் அவர் சட்டைப் பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தால், காப்பி கொடுத்து மரியாதையாக வழியனுப்பி விடுவோம்.