மலைவீட்டுச் சங்கீதம் – 11: பழைய ஸ்ட்ரீமர் யாரிடம் கை நீட்டுகிறது?

கோடைக்கானல் வீடுகளின் கூரையில் பெரும்பாலும் மின்விசிறி இருக்காது. நல்ல ஒலிக்கருவி வாங்க நினைப்பவருக்கு இந்த மலை தரும் முதல் வரம் அதுதான். மதுரையில் சித்திரை மாதம் விசிறியை நிறுத்திவிட்டுத் தம்புரா கேட்க யாராலும் முடியாது. விசிறி ஓடினால் நாகஸ்வரக்காரர் மூச்சு வாங்கும் இடமும், மிருதங்கத் தொப்பியில் விரல் அழுந்தி எழும் கும்கியும் அந்தக் காற்றிலேயே கரைந்துவிடும். நாயுடுபுரத்திலோ வட்டக்கானலிலோ இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினால், பாட்டுக்கும் காதுக்கும் நடுவில் எதுவும் இல்லை. உயர்ரகக் கருவிக்குச் செலவழிக்கும் பணம் இங்கே காதில் தெரியும். பழைய பெட்டிகள் கைமாறும்போது மலைக்காரர்கள் ஆசைப்படுவதில் தப்பே இல்லை.

ஆம்ப், ஸ்பீக்கர் என்றால் பழசை வாங்குவது பற்றி எனக்குத் தயக்கம் கிடையாது. முந்தைய வாரங்களில் அதைச் சொல்லிவிட்டேன். ஸ்ட்ரீமர் கதை வேறு. இணையத்திலிருந்தோ வீட்டிலுள்ள ஹார்ட் டிஸ்க்கிலிருந்தோ பாட்டை வாங்கி, அதன் எண்களை ஒலியாக மாற்றி, ஆம்புக்கு அனுப்பும் பெட்டி அது. பாதி ஒலிக்கருவி, பாதி கம்ப்யூட்டர். இரண்டு பாதிகளும் ஒரே வேகத்தில் கிழடு தட்டுவதில்லை.

போன மாதம் பெருமாள்மலையிலிருந்து ஒரு தம்பி பேசினார்.

“அண்ணே, நெய்ம் என்டிஎஸ் ஒண்ணு விலைக்கு வருது. புதுசுல பல லட்சம். இப்ப பாதிக்கும் கீழ சொல்றாங்க. எடுத்துரலாமா?”

“பவர் சப்ளை கூட வருதா தம்பி?”

“அது தனியாவா அண்ணே?”

தனிதான். இங்கிலாந்தின் நெய்ம் நிறுவனம் 2012-இல் கொண்டுவந்த என்டிஎஸ், பக்கத்தில் இன்னொரு பெட்டியாகப் பவர் சப்ளை இல்லாமல் பேசவே பேசாது. அதன் விலையையும் சேர்த்தால் “பாதிக்கும் கீழ” என்ற கணக்கு எங்கேயோ போய்விடும். அதற்குள் இருக்கும் பர்-பிரவுன் பிசிஎம்1704, எண்களை ஒலியாக மாற்றும் டிஏசி சில்லு; இசைப் பிரியர்கள் இன்றும் கொண்டாடும் சில்லு. அதன் தயாரிப்பு எப்போதோ நின்றுபோனது. அது போனால் மாற்றுக்கு அலைய வேண்டும். சந்தையில் போலிகளும் உலவுகின்றன.

இதைச் சொன்னதும் தம்பி சோர்ந்துவிட்டார். ஆனால் ஒலி விஷயத்தில் அந்தப் பெட்டியின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறுந்தகட்டின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். இதேபோன்ற இன்னொரு பழைய ஸ்ட்ரீமர், 2006-இல் வந்த ஸ்குவீஸ்பாக்ஸ் டிரான்ஸ்போர்ட்டர், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை வாசித்தது; 2007-இல் ஸ்காட்லாந்தின் லின் கம்பெனி வெளியிட்ட கிளைமாக்ஸ் டிஎஸ் 192 வரை போனது. நம் வீட்டில் ஓடப்போவது என்ன? காந்த நாடாவில் பதிந்த கச்சேரிகள், எழுபது எண்பதுகளின் திரைப்பாடல்கள், குறுந்தகடாக வந்த நாகஸ்வரப் பதிவுகள். இவற்றுக்குத் தேவையான திறன் அந்தப் பெட்டிகளிடம் தாராளமாக உண்டு. புது மாடலின் எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பழசை ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பெட்டி பாட்டுக்காக யாரிடம் கை நீட்டுகிறது?

இந்த மலையிலேயே அதற்கு நல்ல பாடம் இருக்கிறது. அகில இந்திய வானொலியின் கோடைப் பண்பலை, 100.5 மெகாஹெர்ட்ஸ். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கண்ணுக்கு எட்டும் தொடுவானத்தைக் கொஞ்சம் தாண்டியதும் மங்கிவிடும். சமவெளியில் அதற்காக உயரமான கோபுரம் கட்டுகிறார்கள். கோடைக்கானலே கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரம். கோபுரத்தின் வேலையில் பெரும்பகுதியை மலையே செய்துவிடுகிறது. அந்த உயரத்திலிருந்து கணக்குப் போட்டால் அலை 170 கிலோமீட்டருக்கு மேல் எட்டும். கோவை, மதுரை, கரூர், திருச்சி என்று இத்தனை ஊர்கள் ஒரே நிலையத்தைக் கேட்பது அதனால்தான். ஏரிச்சாலைப் பக்கம் ஒரு வீட்டில் எழுபதுகளின் ஜப்பானிய டியூனர் ஒன்று இருக்கிறது. செய்த கம்பெனிக்கு அது உயிரோடு இருப்பதே தெரியாது. முள்ளை 100.5-க்குத் திருப்பினால் இன்றைக்கும் ஸ்டீரியோ விளக்கு எரிகிறது. அது யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. எல்லோருக்கும் பொதுவான ஒரு முறைக்குக் காது கொடுக்கிறது, அவ்வளவுதான்.

பொதுவான முறைக்கும் சாவு உண்டு என்பதை மறைக்கக்கூடாது. நார்வே 2017-இல் தன் தேசியப் பண்பலை ஒலிபரப்புகளை நிறுத்திவிட்டது. ஆனால் அது நாடு கூடி விவாதித்து, பல ஆண்டு முன்னறிவிப்போடு நடந்தது. கம்பெனி சர்வர் மூடப்படும்போது ஒரு மின்னஞ்சல் வந்தால் அதிகம்.

டிரான்ஸ்போர்ட்டரின் கதையைப் பாருங்கள். ஸ்லிம் டிவைசஸ் என்ற சிறு நிறுவனம் செய்த பெட்டி அது, விலை ஏறத்தாழ 2,000 டாலர். அதே 2006-இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசைக்கே மங்களம் பாடியது. 2024-இல் இணைய வானொலியையும் பாட்டுச் சேவைகளையும் கோத்துக்கொடுத்த சர்வரையும் மூடியது. அத்தோடு அந்தப் பெட்டிகள் குப்பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் அதன் சர்வர் மென்பொருளைத் தொடக்கத்திலேயே திறந்த மூலமாக விட்டிருந்தார்கள். ஆர்வலர்கள் அதை எடுத்து வளர்த்து, இப்போது லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் நடத்துகிறார்கள். ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் ஒன்று போதும், அது ஓடும். கம்பெனி கைவிட்ட பெட்டி, கம்பெனி இல்லாமலே பாடுகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது போன்ற இந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

லின்னின் வழி வேறு. 2009-இன் முடிவோடு குறுந்தகடு இயக்கிகள் செய்வதையே விட்டுவிட்டு இந்த வழியை நம்பி இறங்கிய கம்பெனி அது. வீட்டு நெட்வொர்க்கில் யுபிஎன்பி என்ற பொது முறையில் பேசும்படி கிளைமாக்ஸைச் செய்தார்கள். 2016-இல் கட்டலிஸ்ட் என்ற புதிய டிஏசி வந்தபோது, பழைய கிளைமாக்ஸ் பெட்டியிலேயே பலகையை மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள். அதனால் பழைய கிளைமாக்ஸ் வாங்குபவர், உள்ளே இருப்பது எந்தப் பலகை என்று கேட்டு வாங்க வேண்டும். வெளியே அலுமினியப் பெட்டி ஒரே மாதிரிதான் இருக்கும்.

மூன்றாவது ரகம்தான் ஆபத்து. கம்பெனி ஆப் இல்லாமல் ஒலியைக்கூடக் கூட்ட முடியாத பெட்டிகள். ஆப் புதுப் போனில் ஏறாது. அல்லது பெட்டிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகி, சர்வர் கதவைத் திறக்காது. 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி இணையம் முழுக்கப் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியானது. புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல அன்று முதல் பல தளங்களோடு பேச முடியாமல் போயின. கருவியில் ஒரு கம்பிகூட அறுந்திருக்காது.

நம் ஊருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் பெருமையோடு சேர்த்திருக்கும் டைடல், கோபஸ் சேவைகள் இந்தியாவில் நேரடியாகச் சந்தா விற்பதில்லை. ஸ்பாட்டிஃபையே இங்கு வந்தது 2019-இல்தான். விற்பவர் “எல்லா சர்வீஸும் வரும்” என்றால் அந்தப் பேச்சுக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

பார்க்கப் போகும்போது பாட்டுகள் ஏற்றிய ஹார்ட் டிஸ்க்கும், லிரியனோ யுபிஎன்பி சர்வரோ ஏற்றிய சிறு கம்ப்யூட்டரும் கொண்டுபோங்கள். ரூட்டரோடு இணைத்துப் பாட விடுங்கள். பிறகு வெளியிலிருந்து ரூட்டருக்கு வரும் இணைய வயரை மட்டும் பிடுங்குங்கள். ரூட்டர் ஓடட்டும். பாட்டு தொடர்ந்தால், அடுத்த பாட்டையும் தேர்ந்தெடுக்க முடிந்தால், பெட்டியை அணைத்து மறுபடி போட்டும் பாடினால், அது உங்கள் பெட்டி. நின்றுவிட்டால் அது இன்னும் கம்பெனியின் பெட்டிதான். கோடைக்கானலில் இது வெறும் பரீட்சை இல்லை. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து மின்சாரம் அறுந்து கிடந்ததை அனுபவித்தவர்களுக்கு அது புரியும். ஜெனரேட்டர் போட்டால் விளக்கு வரும், இணையம் வராது.

அடுத்தது காது. ஒலியைப் பாதிக்கு மேல் வைத்து, பாட்டு எதுவும் போடாமல் ஸ்பீக்கர் பக்கத்தில் காதைக் கொண்டுபோங்கள். ‘ம்ம்ம்’ என்ற மின்சார உறுமல் கேட்டால் பவர் சப்ளையில் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கலாம். தம்புராவின் ஷட்ஜமத்துக்கு அடியில் அந்த உறுமல் ஒட்டிக்கொண்டால் சுருதியே கெட்டதுபோல் இருக்கும். கெப்பாசிட்டர் மாற்றுவது பெரிய வேலை இல்லை. சென்னை ரிச்சி தெருவில் நல்ல பொருள் கிடைக்கும். சொல்லப்போனால் கெப்பாசிட்டருக்கு மலை நல்ல இடம்: சூடு பத்து டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். ஈரம்தான் எதிரி. மேகம் அறைக்குள் வந்து போகும் வீடுகளில் கனெக்டர்கள் பச்சை பூத்திருக்கும். பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். டிரான்ஸ்போர்ட்டர் என்றால் முன்பக்கத்து ஒளிரும் எழுத்துகள் மங்கியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பெட்டி என்றால், 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று பின்தகட்டில் படித்த பிறகே பிளக்கைச் சொருக வேண்டும்.

பின்னால் டிஜிட்டல் இன்புட் இருந்தால் என் கணக்கில் அந்தப் பெட்டிக்குத் தனி மதிப்பு. டிரான்ஸ்போர்ட்டரில் உண்டு, நெய்மின் இன்னொரு மாடலான என்டிஎக்ஸில் உண்டு. முதல் கிளைமாக்ஸ் டிஎஸ்ஸில் லேன் கேபிளுக்கு மட்டுமே இடம். இன்புட் இருந்தால், நெட்வொர்க் பாதி செத்தாலும் கையடக்கமான புது ஸ்ட்ரீமர் ஒன்றை அதில் செருகி, பழைய டிஏசியைத் தொடர்ந்து பாட வைக்கலாம்.

ஆக, வீட்டில் சொந்தமாகப் பாட்டு சேர்த்து வைத்திருப்பவர் நல்ல டிரான்ஸ்போர்ட்டரையோ பழைய கிளைமாக்ஸையோ தயங்காமல் வாங்கலாம். எல்லாமே சந்தாவில்தான் கேட்பேன் என்பவருக்கு எந்தப் பழைய ஸ்ட்ரீமரும் வேண்டாம். புதிதாகச் சின்னது ஒன்று போதும், மிச்சப் பணத்தை ஸ்பீக்கருக்குப் போடட்டும். பெருமாள்மலைத் தம்பி என்டிஎஸ்ஸை விட்டுவிட்டார். பவர் சப்ளையோடு வந்தால் மறுபடி பேசலாம் என்று விற்பவரிடம் சொல்லி வைத்திருக்கிறார், அதுவும் சரிதான். வாங்கியவர்கள் ஐப்பசி இடி தொடங்கினால் மின் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

அடுத்த வாரம்: அலமாரியில் கிடக்கும் குறுந்தகடுகளைப் பிழையில்லாமல் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவது எப்படி, கச்சேரி ஆல்பங்களில் ராகமும் பக்கவாத்தியக்காரர் பெயரும் தொலையாமல் குறித்து வைப்பது எப்படி.

(தொடரும்)