குரு மாறினால் அணி என்னவாகும்?

'குருவில்லா வித்தை கருவில்லா முட்டை' என்பர் பெரியோர். அப்படியானால், 33 ஆண்டுகள் வழிநடத்திய குரு விடைபெறும்போது ஓர் அணி என்னவாகும்?

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள நோட்டர் டேம் பல்கலைக்கழகம், அருள்தந்தை எட்வர்ட் சோரின் 1842-இல் தொடங்கிய கத்தோலிக்கக் கல்வி நிலையம். 'நமது அன்னை' என்பதே அப்பெயரின் பொருள். அங்குப் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு 1987 முதல் பயிற்சியளித்தவர் மஃபெட் மெக்ரா. அவரது பயிற்சியில் அணி 2001, 2018 ஆகிய ஆண்டுகளில் தேசியக் கோப்பையை வென்றது. 2020 ஏப்ரலில் அவர் ஓய்வு பெற்றார்.

கல்லூரி அணியில் ஆட்டக்காரர்கள் சில ஆண்டுகளில் படிப்பு முடிந்து போய்விடுவர். புதியவர்களைத் தேர்ந்தெடுப்பதும், ஆட்டமுறையை வகுப்பதும், அணியின் மரபைக் காப்பதும் பயிற்சியாளரே. ஆகவேதான் அவருடைய பிரிவு பெரிதாகிறது. மேலும், 2019 இறுதியாட்டத்தில் ஆடிய முதல் ஐவரும் ஏற்கெனவே விடைபெற்றிருந்தனர். மெக்ராவின் கடைசிப் பருவத்தில் 13 வெற்றி, 18 தோல்வி!

இந்நிலையில் பொறுப்பேற்றவர் நியேல் ஐவி. அவர் 2001-இல் கோப்பை வென்ற அணியில் ஆடியவர். 12 ஆண்டுகள் மெக்ராவின் துணைப் பயிற்சியாளராக இருந்தவர். ஆயினும் முதல் பருவத்தில் 10 வெற்றி, 10 தோல்வியே கிட்டின. அவர் தளரவில்லை. 2022-இல் தேசியப் போட்டியின் கடைசிப் பதினாறு அணிகளுள் நோட்டர் டேமும் இடம்பெற்றது.

தோழியரே, நம் சிஸ்டர் ஒருவர் மாற்றலாகிச் செல்லும்போது நாமும் கண்கலங்குகிறோம். அழுவதில் தவறில்லை. ஆனால் அவர் கற்பித்ததைக் கைவிடாதிருப்பதே நாம் செலுத்தும் உண்மையான நன்றி. புதிதாக வருபவருக்குச் சிறிது காலம் கொடுப்பதும் நம் கடமையன்றோ?