கள்ளக் கையொப்பமும் தேர்தற் சட்டமும்

யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே செல்வோர் கிளிநொச்சி மாவட்டத்தை அடைகின்றனர். நிருவாகத்தில் இது 1984ஆம் ஆண்டு முதல் தனி மாவட்டம். தேர்தலிலோ யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு தொகுதியே. 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அம்மாவட்டத்துக்குரிய உறுப்பினர் 6 பேர்; ஒவ்வொரு பட்டியலிலும் வேட்பாளர் 9 பேர். ஒவ்வொருவரும் தமது சம்மதத்தைக் கையொப்பத்தால் உறுதிப்படுத்துதல் வேண்டும். வாக்காளர் அக்கையொப்பங்களைக் காண்பதில்லை. எனினும் அவர் வாக்கின் பெறுமதி அவற்றின் மெய்மையிலேயே தங்கியுள்ளது.

ஒரு கையொப்பம் எத்துணை வலியது என்பதற்குச் சென்னை நிகழ்ச்சியொன்று சான்றாகும். 2017ஆம் ஆண்டு டிசம்பரில், ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு நடிகர் விஷால் சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தார். சுயேச்சை வேட்பாளரை அத்தொகுதி வாக்காளர் 10 பேர் முன்மொழிதல் அங்குள்ள விதி. அவருள் இருவர், “இவை எம் கையொப்பங்கள் அல்ல” என மறுத்தனர். அவர்கள் அச்சுறுத்தப்பட்டனர் என்று விஷால் வாதிட்டார். ஆயினும் டிசம்பர் 5ஆம் நாள் மனு நிராகரிக்கப்பட்டது. சர்ச்சை ஓயுமுன்னரே, 21ஆம் நாள் வாக்களிப்பும் நடந்து முடிந்தது. உண்மை யாதாயினும், ஒரு போட்டியாளரை அரங்கிலிருந்து அகற்ற இரு கையொப்பங்கள் பற்றிய ஐயமே போதுமாயிற்று.

இத்தகைய கேட்டைச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்தது. இரகசிய வாக்களிப்பை ஏற்படுத்திய 1872ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், நியமனப் பத்திரத்தைப் போலியாக ஆக்குவோருக்கும், போலியென அறிந்தே அதனைக் கையளிப்போருக்கும் 6 மாதம் வரை சிறை விதித்தது. குற்றவாளி தேர்தல் அலுவலராயின் 2 ஆண்டு வரை. காவலனே கள்வனாதல் பெருங்குற்றம் அன்றோ!

1883ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின்படி, பிறர் ஒருவர் ஒப்பமிட்டார் என நம்பச் செய்து மோசடி புரியும் நோக்குடன் பத்திரம் ஆக்குதல் குற்றமாகும். அதற்கு 5 ஆண்டு வரை சிறையோ, குற்றப்பணமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். போலியென அறிந்து அப்பத்திரத்தைப் பயன்படுத்துவோரும் அதனை ஆக்கியவராகவே கருதப்படுவர். “எழுதியவன் வேறொருவன், யான் கொடுத்தது மட்டுமே” என்னும் சாக்கு அங்கே செல்லாது.

இவையெல்லாம் அரசியலாருக்குரியவை என எண்ணற்க. வாக்காளர் இடாப்புக்கான படிவம் பொதுமக்களுக்கும் உரியது. போரின்போது பல முறை இடம்பெயர்ந்து பத்திரங்களை இழந்த வன்னிக் குடும்பங்கள், அதன் அருமையை நன்கு அறியும். கடல் கடந்து வாழும் மகனுக்காகத் தந்தையோ, முதிய பாட்டிக்காகப் பேரனோ அன்பினால் ஒப்பமிட எண்ணலாம். அன்பு நன்று, அதனைக் காட்டும் இடம் இஃதன்று. எழுத இயலாதவர் தம் பெருவிரல் அடையாளத்தை இடலாமே!

மாணவர்களே, உங்கள் பெயரை நீங்களே எழுதுங்கள். பிறர் பெயரை அவரிடமே விட்டுவிடுங்கள். குடியாட்சியின் முதற் பாடம் இதுவே.