முதலில் நிறுத்தப் பழகுங்கள்!

நான் பத்தாவது வரை படித்த குடும்பத்தலைவி. நான்கு வருடம் முன், ஒரு ராத்திரி என் இளைய மகனுக்கு காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டு விட்டது. கணவர் ஷிப்ட் பஸ்ஸில் நைட் டூட்டிக்குப் போயிருந்தார். வாசலில் அவரது மோட்டார் சைக்கிள் நிற்கிறது. எனக்கோ ஓட்டத் தெரியாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோ தேடி மந்தாரக்குப்பம் கடைத்தெரு வரை ஓடினேன். பிள்ளை பிழைத்தான். அந்த ஓட்டத்தை மட்டும் மறக்க முடியவில்லை.

மறுவாரமே, 'எனக்கு வண்டி கத்துக் குடுங்க' என்றேன். அவரும் சம்மதித்தார். ஆனால் எடுத்த எடுப்பில் என்னை ஓட்ட விட்டு, பின்னால் உட்கார்ந்து, 'கிளட்ச்! பிரேக்! ஏய், எங்க பாக்குற?' என்று ஒரே கத்தல். பதற்றத்தில் கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினேன். வண்டி துள்ளிக் கவிழ்ந்தது. கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. 'இனி இந்தப் பேச்சே வேண்டாம்' என்று விட்டு விட்டேன்.

அடுத்த வருடம் என் அம்மா ஊரிலிருந்து வந்தார். எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 1991ல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தோடு சைக்கிளும் பெண்களுக்குச் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல், பாருள்ள ஆண்கள் சைக்கிளிலேயே எத்தனையோ பெண்கள் பழகினார்களாம். அதில் என் அம்மாவும் ஒருத்தி.

என் தழும்பைப் பார்த்து அம்மா சொன்னார்: 'ஏண்டி, எனக்குச் சொல்லிக் குடுத்த பொம்பளை முதல் நாள் ஏறவே விடல. தள்ளிக்கிட்டு நடன்னா. பிரேக்க புடிச்சுப் புடிச்சு நிறுத்துன்னா. நிறுத்தத் தெரிஞ்சவளுக்குப் பயம் வராதுடி!'

அதுதான் எனக்குப் பாடம். கணவரிடம், 'நீங்க பக்கத்துல நில்லுங்க, கத்தாதீங்க' என்று சொல்லி, ஞாயிறு காலைகளில் காலி மைதானத்தில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். லைசென்சும் வாங்கினேன்.

இப்போது என் ஓரகத்திக்கு நான் வாத்தியார்! கொழுந்தனார் வெளிநாட்டில், வண்டி கவர் போட்டு நிற்கிறது. சொல்லிக்கொடுத்த விதத்தை எழுதுகிறேன், சகோதரிகளுக்கு உதவும்.

முதல் நாள், இன்ஜினை அணைத்து, வண்டியைத் தள்ளி நடந்து, இரண்டு பிரேக்கையும் பழக வேண்டும். கனம் கைக்குப் பிடிபடும். இரண்டாவது நாள், இன்ஜினைப் போட்டு முதல் கியரில் கிளட்சை மெல்ல மெல்ல விட வேண்டும். ஓரிடத்தில் வண்டி லேசாக முன்னே இழுக்கும். உடனே மறுபடி கிளட்ச், பிரேக். இதையே ஐம்பது தடவை! 'பயம் வந்தா கிளட்ச புடி' என்பது கைக்கே மனப்பாடமாகி விடும். அதன் பிறகுதான் காலைத் தூக்கி ஓட்டுவது. பார்வை முன்சக்கரத்தில் இல்லாமல் தூரத்தில் இருக்க வேண்டும். கியர் போடும் முறை வண்டிக்கு வண்டி மாறும்; முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சேலைத் தலைப்பு, துப்பட்டாவை இறுக்கிச் செருகி, ஹெல்மெட் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்.எல்.ஆர்., ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழித்து '8' போட்டுக் காட்டலாம். அதுவரை வண்டியில் சிவப்பு 'எல்' வேண்டும். சொல்லிக்கொடுப்பவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. லாரி ஓடும் விருத்தாசலம் ரோட்டுக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள்.

பதினைந்தாம் நாள் ஓரகத்தி தனியாக மைதானத்தைச் சுற்றி வந்து, என் முன்னால் அலுங்காமல் நிறுத்தி, 'அக்கா, நானாக்கா ஓட்டினேன்?' என்று அழுதே விட்டாள்.

போன பொங்கலுக்கு வந்த அம்மாவை, பஸ் ஸ்டாண்டிலிருந்து நானே ஏற்றி வந்தேன். வீட்டு வாசலில் இறங்கியவர் சொன்னார்: 'பரவால்லடி, நல்லாத்தான் நிறுத்துற!'

- வாசகி, மந்தாரக்குப்பம்.