ஜன்னல் கண் மூடும் ரயில்!

கடையநல்லூரில் எந்தத் தெருவில் காது கொடுத்தாலும் ஒரு சிங்கப்பூர்க் கதை கிடைக்கும். நம்மூர்க்காரர்கள் கடல் கடந்து போய் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் கூடி வாழ்ந்தார்கள். 1941-லேயே அங்கே சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கிவிட்டார்கள்! அந்தச் சிங்கப்பூரில் இன்று தலைக்கு மேலே ரயில் பறக்கிறது. அதன் உள்வேலை எப்படி நடக்கிறது? வாங்க, எட்டிப் பார்ப்போம்!

முதலில் புக்கிட் பாஞ்சாங் இலகு ரயில். 1999 நவம்பரில் ஓடத் தொடங்கியது. ஓட்டுநரே கிடையாது! இரும்புச் சக்கரமும் கிடையாது, ரப்பர் டயர்தான். முன்கண்ணாடி ஓரம் இடம் பிடித்துவிட்டால் மொத்தப் பாதையும் உங்கள் கண்முன்னே! அடுக்குமாடி வீடுகளை ஒட்டி ஒட்டியே வண்டி வளைந்து போகும். இதோ, வீடுகள் நெருங்குகின்றன... சட்டென்று பக்கத்து ஜன்னல்கள் எல்லாம் பால்போல் வெளுத்துவிட்டன! வீட்டுக்குள் இருப்பவர்களை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கண்ணாடி தானே மங்கிக்கொள்கிறது. வீடுகளைத் தாண்டியதும் பளிச்சென்று தெளிந்துவிடும். வேடிக்கை பார்க்கிற நமக்கும் வாய்ப்பு, வீட்டுக்காரருக்கும் மரியாதை!

அடுத்து, 1987 நவம்பர் 7 முதல் ஓடும் எம்ஆர்டி என்ற பெருவிரைவு ரயில். நம்ம ஸ்டேஷனில் ஒரு வண்டி போனால் அடுத்தது வர மணிக்கணக்காகும். அங்கே புதிய சிக்னல் முறையில் 100 விநாடி இடைவெளியிலேயே ரயில்களை விடலாம். முன்பு அது 120 விநாடி. ஒவ்வொரு ரயிலும் தான் எங்கே இருக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே ஓடுவதால், பின்னால் வருவது எவ்வளவு நெருங்கலாம் என்று கணினி கணக்குப் போட்டுவிடுகிறது.

ஆனால் உண்மையான விறுவிறுப்பு கடைசி ரயில் போன பிறகுதான்! தண்டவாளத்துக்குப் பக்கத்தில் 750 வோல்ட் மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளம் ஒன்று உண்டு. அதை அணைத்ததும் பணியாளர்கள் பாதையில் இறங்குகிறார்கள். கையில் இருப்பது ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். கருவிகளைக் கொண்டுவரவும் திரும்ப ஒதுக்கவும் அதற்குள்தான் நேரம் கண்டுபிடிக்க வேண்டும். பழைய இரண்டு எம்ஆர்டி தடங்களிலும் தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டைகளை எடுத்துவிட்டு கான்கிரீட் கட்டைகளைப் போட்டது இப்படித்தான். மொத்தம் 1,88,000 கட்டைகள்! இரவு இரவாக நடந்த அந்த வேலை 2016 டிசம்பரில் முடிந்தது. பொழுது விடிந்தால் வழக்கம்போல் ரயில் ஓடியாக வேண்டும், ஓடியது!

அடுத்த முறை சொந்தக்காரர்களைப் பார்க்க சிங்கப்பூர் போனால், முஸ்தபா கடையோடு திரும்பிவிடாதீர்கள். சுவா சூ காங்கில் இலகு ரயில் ஏறி முன்கண்ணாடி ஓரம் நில்லுங்கள். அலுங்காமல் குலுங்காமல் போகும் அந்தப் பயணத்துக்காக, இரவெல்லாம் விழித்திருந்து பாதையைக் காத்தவர்களுக்கு மனதார ஒரு நன்றி சொல்லுங்கள்!